சொல்லும் சார்பும்

திருவரங்கம் பெரிய கோயிலில் பங்குனி உத்திரத் திருநாளன்று நடைபெறும் ஒரு காட்சியை அன்பர்கள் பலர் சேவித்திருக்கக்கூடும். அவ்வுத்ஸவத்தில் சில நாள்களுக்கு முன்னர் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளுகிறார். பிறகு உத்திரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியாரின் சந்நிதி வாயிலுக்கு வருகிறார். வந்தவரை வரவேற்கக் கதவு திறப்பதில்லை. திறந்திருந்த கதவும் சாத்தப்படுகிறது. உள்ளிருந்து மலர்களும் பழங்களும் வெண்ணெய் உருண்டைகளும் வந்து விழுகின்றன. பெருமாளுக்காக ஒரு திறத்தாரும் தாயாருக்காக ஒரு திறத்தாரும் வாதாடுகிறார்கள். இதற்கு 'மட்டையடி' என்று பெயர். பிரணய கலகம் என்பதும் இதுவே.

நம் வழக்கங்களை ஏதுமறியாத ஒருவர் அந்தக் கணத்தில் மட்டும் அங்கே வந்து நின்றார் என்று வைத்துக்கொள்வோம். உலகளந்த பெருமானின் திருமுகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதும், அவர்மீது பொருள்களை எறிவதும் அவருக்கு எப்படித் தோன்றும்? பெரிய அபசாரம் நடக்கிறது என்றே அவர் மனம் பதறும். அவர் கண்ட காட்சியில் பிழையில்லை. கதவு சாத்தப்பட்டது உண்மை, எறிந்ததும் உண்மை. ஆயினும் அவர் கொண்ட பொருள் முழுவதும் தவறு. உறையூர்ச் சேர்த்தி முன்னே நடந்தது, பிராட்டியின் ஊடல் இப்போது நடக்கிறது, இருவரும் ஒரே ஆசனத்தில் சேவை சாதிக்கும் சேர்த்தி பின்னே நடக்கப்போகிறது. இந்த முன்னும் பின்னும் தெரிந்தவருக்கு அந்த அடைத்த கதவே காதலின் அடையாளம்.

நிகழ்ச்சிக்கு உள்ள இந்த விதி சொல்லுக்கும் உண்டு. நாம் ஓதும் பாசுரங்களுக்கும் கேட்கும் சாத்திர வாக்கியங்களுக்கும் பொருள், அவற்றின் எழுத்துகளில் மட்டும் அடங்கியதன்று. அவை நிற்கும் இடத்திலும் உள்ளது. இடத்தினின்று பிரித்த சொல், ஒரு சமயம் தன் பொருளை இழக்கும். ஒரு சமயம் நேர்மாறான பொருளையும் தந்துவிடும். இவ்வுண்மையை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சார்பு என்னும் பழஞ்சொல்

தமிழிலக்கணத்தின் தாய்நூலாகிய தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே இதனை எடுத்துக்கொள்கிறது. ஒரு சொல் பல பொருள் தருவதாயின் எப்பொருள் என்று எவ்வாறு தெளிவது? அதனோடு வரும் வினையால் தெளியலாம்; உடன் எண்ணப்படும் இனத்தால் தெளியலாம்; சார்பினால் தெளியலாம் என்று மூன்று வழிகளை அந்நூல் வகுக்கிறது.

'மா' என்னும் சொல் மாமரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும், சிறப்பாகக் குதிரையையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் மரம் என்பது வினையால் விளங்குகிறது. 'மாவும் பலாவும்' என்றால் இனத்தால் விளங்குகிறது. போர்க்கவசம் பூண்டு நிற்கும் வீரன் ஒருவன் 'மாவைக் கொண்டு வா' என்று ஏவினால், ஏவலாளன் மாங்கன்றைத் தோண்டிக்கொண்டு வரமாட்டான், குதிரையையே கொண்டுவருவான். அச்சொற்றொடரில் குதிரை என்று சொல்ல ஒரு குறிப்பும் இல்லை. பேசுபவன் நிற்கும் நிலையே பொருளைத் தருகிறது. இதுவே சார்பு. 'மா வீழ்ந்தது' என்று மட்டும் சொன்னாலோ, மரம் வீழ்ந்ததா விலங்கு வீழ்ந்ததா என்பது தெரியாது. அத்தகைய இடத்தில் பொருளை வெளிப்படையாகக் கிளந்து சொல்லவேண்டும் என்று தொல்காப்பியரே விதிக்கிறார்.

வடமொழி சாத்திரங்களிலும் இதற்கு ஒப்பான எடுத்துக்காட்டு உண்டு. 'ஸைந்தவம்' என்னும் சொல்லுக்கு இந்துப்பு என்றும், சிந்து நாட்டுக் குதிரை என்றும் இரு பொருள். உணவருந்தும் தலைவன் 'ஸைந்தவம் கொண்டு வா' என்றால் உப்பு. பயணம் புறப்படும் தலைவன் அதையே சொன்னால் குதிரை. சொல் ஒன்றே, ஒலி ஒன்றே, வேளை வேறு. அதனால் பொருளும் வேறு.

வாக்யபதீயம் இயற்றிய பர்த்ருஹரி, பல பொருள் ஒரு சொல்லில் உரிய பொருளைத் தெளிவிக்கும் கருவிகளை ஒரு பட்டியலாகவே தருகிறார். சேர்க்கை, பிரிவு, உடன் நிற்பது, பகை, பிரகரணம், இடம், காலம் முதலியன அதில் அடங்கும். இவற்றுக்குப் பின்வந்த அலங்கார நூலார் காட்டும் உதாரணங்கள் நம் செவிக்கு இனிமையானவை. 'ஹரி' என்னும் சொல்லுக்குச் சிங்கம், குரங்கு, குதிரை, இந்திரன், கதிரவன் என்று பல பொருள்கள். 'சங்கு சக்கரத்துடன் கூடிய ஹரி' என்றால் திருமால் ஒருவரே. 'இராமனும் இலக்குவனும்' என்றால் தசரதன் திருமகன். 'இராமனுக்கும் அர்ச்சுனனுக்கும் பகை' என்றாலோ இராமன் பரசுராமன். அர்ச்சுனனும் பாண்டவன் அல்லன், கார்த்தவீரியார்ச்சுனன். அருகில் வந்த ஒரு சொல் இரண்டு பெயர்களின் பொருளையும் மாற்றிவிடுவதைக் காணலாம்.

அவதாரிகை ஏன் எழுந்தது?

ஒரு சொல்லுக்கே இவ்வளவு சார்பு வேண்டுமானால், ஒரு பாசுரத்துக்கு எவ்வளவு வேண்டும்! அதற்காகவே நம் பூர்வாசாரியர்கள் 'அவதாரிகை' என்னும் அரிய வழியை ஏற்படுத்தினார்கள். இறங்கும் துறை என்பது போன்ற கருத்துடைய சொல் இது. பாசுரமாகிய நீர்நிலையில் நேரே குதிக்காமல், படியில் கால்வைத்து இறங்குவதற்கு உதவுவது. இப்பாசுரத்தைப் பேசுபவர் யார், எந்நிலையில் பேசுகிறார், முன் பாசுரத்தில் நின்று இதற்கு எப்படி வந்தார் என்பதையெல்லாம் சொன்ன பிறகே வியாக்கியானம் பதப்பொருளுக்குச் செல்லும். ஒரு பதிகத்துக்கும் அடுத்த பதிகத்துக்கும் உள்ள தொடர்பைச் 'சங்கதி' என்பர்.

திருவாய்மொழிக்கு அமைந்த வியாக்கியானங்கள் ஐந்து. எம்பெருமானாரின் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை உபதேசிக்க வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி என்பன அவை. முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்டது ஒரு படி. 1102 பாசுரங்களுக்கு முப்பத்தாறாயிரம் படி உரை எதற்கு என்று சிலர் வியப்பர். பதப்பொருள் மட்டும் போதுமாயின் அவ்வளவு வேண்டியதில்லைதான். பாசுரம் பிறந்த நிலையை நம் கண்முன் கொண்டுவருவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிறது.

இதன் இன்றியமையாமையை ஒரே இடத்தில் காணலாம். திருவாய்மொழி இரண்டாம் பத்தில் மூன்றாம் பதிகம் ஆனந்தத்தின் உச்சி. எம்பெருமான் தம் ஆவியில் கலந்த பேருதவிக்குக் கைம்மாறாகத் தம் ஆவியையே தந்துவிட்டதாக ஆழ்வார் அங்கே நெகிழ்கிறார். அதற்கு அடுத்த நான்காம் பதிகத்திலோ, வாடி உருகும் ஒரு பெண்ணைக் காட்டி, நீர் இவளிடத்தில் இரக்கம் கொள்ளவில்லையே என்று எம்பெருமானைக் கேட்கும் குரல் ஒலிக்கிறது. சில பாசுரங்களுக்கு முன்பு பேருதவி செய்தவராகப் போற்றப்பட்டவர், இப்போது இரக்கமற்றவராக எவ்வாறு ஆனார்? ஆழ்வார் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறாரா?

அவதாரிகை இம்முடிச்சை அவிழ்க்கிறது. மூன்றாம் பதிகத்தின் இறுதியில் ஆழ்வார், அடியார்களின் திருக்கூட்டத்தில் சென்று கூடுவது எந்நாளோ என்று ஆசைப்பட்டார். அது அப்போதே கைகூடவில்லை. பெற்ற இன்பத்தின் அளவுக்குப் பெறாத துன்பமும் பெரிதாயிற்று. அத்துன்பத்தில் ஆழ்வார் தம் நிலை இழந்து பெண் நிலையை அடைந்தார். இப்போது பேசுவது அப்பெண்ணைப் பெற்ற தாய். தன் மகள் துவள்வதைக் காணும் தாய் வேறு எப்படிப் பேசுவாள்? 'இரக்கமில்லையே' என்னும் சொல் எம்பெருமானின் குணத்தைப் பற்றிய தீர்ப்பன்று. அக்குணத்தை நம்பியிருப்பதனாலேயே எழும் முறையீடு. இரக்கம் உடையவனிடம் அன்றி யாரிடம் சென்று 'இரங்கவில்லையே' என்று கேட்கமுடியும்?

திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் இருபத்தேழு இவ்வாறு பெண் குரலில் அமைந்தவை. தாய் பேசுவன ஏழு. தோழி பேசுவன மூன்று. மகளே பேசுவன பதினேழு. ஆறாம் பத்து இரண்டாம் பதிகத்தில், காலம் தாழ்த்து வந்த பெருமானிடம் ஊடல் கொண்ட தலைவி, இங்கே நில்லாதே, போ என்கிறாள். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியிலும் ஆய்ச்சியர் கண்ணனை அவ்வாறே கடிகிறார்கள். பேசுபவள் யார் என்று அறியாமல் ஓதுபவர், ஆழ்வார் எம்பெருமானை வெறுத்துப் பேசினார் என்று நினைப்பார். அறிந்து ஓதுபவர், மட்டையடியின் அடைத்த கதவை அப்பாசுரத்தில் காண்பார்.

ஒரு சீடர் கண்ட பொருள்

சார்பறிந்து பொருள் கொள்வதற்கு நம் சம்பிரதாயத்தில் உள்ள மிகச் சிறந்த வரலாறு, மேலே கூறிய அதே இரண்டாம் பத்து மூன்றாம் பதிகத்தைப் பற்றியதுதான்.

எம்பெருமானார் ஆளவந்தாரை நேரே அடிபணிந்து கேட்கும் பேறு பெறவில்லை. அதனால் ஆளவந்தாரின் சீடர்கள் ஐவரிடம் அவர் கல்வியைப் பங்கிட்டுப் பெற்றார் என்பது வரலாறு. திருவாய்மொழிப் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டு வந்தார். அப்பதிகத்தின் மூன்றாம் பாசுரம் வந்தது. அறியாத காலத்திலேயே அடிமையில் அன்பை உண்டாக்கியது, அறியாமையாகிய பெருமாயை, அடியேனை வைத்தது ஆகிய மூன்று செய்திகள் அதன் முற்பகுதியில் உள்ளன. அவற்றை எந்த வரிசையில் கூட்டுவது என்பதே வினா.

திருமாலையாண்டான் சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் அருளினார். எனக்கு அன்பை உண்டாக்கிய பிறகும், இவ்வுடலோடு கட்டுண்ட அறியாமையிலேயே என்னை வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் முறையிடுகிறார் என்றார். எம்பெருமானார் பணிவோடு ஒரு விண்ணப்பம் செய்தார். இதற்கு முன்னுள்ள பாசுரத்தில், தாயாய்த் தந்தையாய் நின்று அறியாதவற்றை அறிவித்த உதவியை ஆழ்வார் கொண்டாடுகிறார். பின்னுள்ள பாசுரத்தில், அப்பேருதவிக்குத் தம் ஆவியைக் கைம்மாறாகத் தருகிறார். முன்னும் பின்னும் நன்றியின் களிப்பாக இருக்க, நடுவில் ஒரு பாசுரம் மட்டும் குறைகூறுவதாக இருக்கலாமோ? ஆதலால், அறியாமையாகிய பெருமாயையில் கிடந்த அடியேனுக்கு, நான் ஒன்றும் அறியாத காலத்திலேயே அடிமையில் அன்பை உண்டாக்கினாயே என்று சொற்களைக் கூட்டி, இதனையும் நன்றியாகவே கொள்ளுதல் தகும் என்றார்.

இதனைக் கேட்ட ஆண்டான் மனம் வருந்தினார். இது ஆளவந்தாரிடம் யாம் கேட்ட பொருளன்று, விசுவாமித்திர சிருஷ்டி என்று கூறி உபதேசத்தை நிறுத்திவிட்டார். விசுவாமித்திரர் திரிசங்குவுக்காகப் புதிதாக ஒரு சுவர்க்கத்தைப் படைக்கத் தொடங்கியதுபோல, நீர் புதுப்பொருள் படைக்கிறீர் என்பது கருத்து. செய்தி திருக்கோட்டியூர் நம்பிக்கு எட்டியது. அவர் திருவரங்கம் எழுந்தருளி நடந்ததை விசாரித்து, எம்பெருமானார் கூறிய பொருளைக் கேட்டு, இப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்ய அடியேன் கேட்டிருக்கிறேன் என்றார். கண்ணன் சாந்தீபினியிடம் கற்றதுபோல இவர் உம்மிடம் கற்கிறார் என்று எண்ணிச் சொல்லும் என்றும் ஆண்டானைத் தேற்றினார். உபதேசம் மீண்டும் தொடங்கிற்று.

இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, இரண்டு பொருளும் அச்சொற்களில் அடங்குவனவே. சொற்களை நின்றபடியே கொண்டால் ஒன்று கிடைக்கிறது. கொண்டுகூட்டினால் மற்றொன்று கிடைக்கிறது. இலக்கணம் மட்டும் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. தீர்த்துவைத்தது அப்பாசுரத்தின் இருபுறமும் நின்ற பாசுரங்கள்.

இரண்டாவது, ஆண்டான் கூறிய பொருள் ஆழ்வாரின் திருவுள்ளத்துக்கு மாறானதன்று. இவ்வுடற்பிணைப்பில் தம்மை வைத்திருப்பதைப் பற்றி ஆழ்வார் வேறிடத்தில் கதறத்தான் செய்கிறார். மூன்றாம் பத்து இரண்டாம் பதிகத்தைச் சேவித்தவர்கள் அறிவர். ஆகவே, ஓர் உண்மையான கருத்தும், அது பிறக்காத இடத்தில் வைக்கப்பட்டால் அவ்விடத்துக்கு உரையாகாது. பொருள் மெய்யா என்று கேட்பது போதாது. இவ்விடத்தின் பொருளா என்றும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, இந்த ஒரு சொற்கூட்டில் தொக்கி நிற்பது சிறிய செய்தியன்று. நாம் அறியாதபோதே நமக்கு அன்பை ஊட்டியவன் எம்பெருமான் என்பது அருளைப் பற்றிய பேருண்மை. ஒரு வகையாகப் படித்தால் அப்பாசுரம் புகார். மற்றொரு வகையாகப் படித்தால் அதுவே அருளின் சாசனம்.

ஆசிரியர் கூறிய பொருளைச் சீடர் மாற்றிக் கூறிய ஒரு நிகழ்ச்சியை நம் முன்னோர் மறைக்காமல் காத்து வந்தார்கள். எம்பெருமானார் தம் விருப்பத்தைப் பாசுரத்தின்மேல் ஏற்றவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அவர் பாசுரங்களையே சான்றாகக் காட்டினார். தம் மதிநுட்பத்தால் ஒன்றைக் கண்டாலும், ஆன்றோர் வாய்மொழி அதனை உறுதி செய்யும்வரை அடங்கி நின்றார். பின்னொரு சமயம் வேறோர் இடத்தில் இப்படியே நேர்ந்தபோது, ஆளவந்தாரைக் காணாத நீர் அவர் கருத்தை எவ்வாறு அறிந்தீர் என்று ஆண்டான் கேட்க, அடியேன் ஆளவந்தாருக்கு ஏகலைவன் என்று அவர் விடையிறுத்தார்.

தொடக்கமும் முடிவும்

பாசுரத்துக்கு அடுத்த பாசுரம் சார்பாவதுபோல, வாக்கியத்துக்கு முழுநூலும் சார்பாகும். ஒரு நூலின் தாத்பரியத்தை அறிவதற்கு ஆறு அடையாளங்களை மீமாம்சகர்களும் வேதாந்திகளும் கூறுவர். தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல், திரும்பத் திரும்பக் கூறல், வேறு வழியால் அறியமுடியாத புதுமை, பயன், அர்த்தவாதமாகிய புகழ்ந்துரை, யுக்தி என்பன அவை.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்து அறுபத்தாறாம் சுலோகமாகிய சரம சுலோகத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லாத் தருமங்களையும் விட்டு என்னை ஒருவனையே சரணமாகப் பற்று என்பது அதன் பொருள். இதன் முற்பாதியை மட்டும் பிரித்தெடுத்து, கண்ணபிரான் கடமைகளைக் கைவிடச் சொன்னார் என்று வாதிப்பவர் உண்டு. நூலின் தொடக்கத்தை நோக்குக. தன் கடமையைக் கைவிடுவேன் என்று வில்லை நழுவவிட்டு அமர்ந்தவன் அருச்சுனன். கடமையை விடுவதே முடிவானால், முதல் அத்தியாயத்திலேயே அவன் வென்றுவிட்டான், உபதேசமே வேண்டியதில்லை. முடிவையும் நோக்குக. சரம சுலோகத்தைக் கேட்டபின் அருச்சுனன், என் மயக்கம் நீங்கியது, நீ சொன்னபடி செய்வேன் என்று எழுகிறான். இடையிலும், அதே பதினெட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், விதித்த கருமத்தைத் துறத்தல் தகாது, அதில் பற்றையும் பயனையும் துறப்பதே தியாகம் என்று கண்ணபிரான் தீர்ப்புக் கூறியிருக்கிறான்.

எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் இச்சுலோகத்துக்கு இரு வகையாகப் பொருள் அருளியிருக்கிறார். அவற்றுள் முதலாவது, யோகங்களை அனுஷ்டித்துக்கொண்டே பயனையும் பற்றையும் நானே செய்கிறேன் என்னும் எண்ணத்தையும் விடுதல் என்பது. அவ்வத்தியாயத்தின் தொடக்கத்தில் செய்த முடிவையே அதற்கு ஆதாரமாக அவர் காட்டுகிறார். இரண்டாவது, பாவங்களைப் போக்க விதித்த நெடிய பிராயச்சித்தங்களை விட்டு அவனையே பற்றுதல் என்பது. இரண்டிலும் கடமையை உதறும் சோம்பலுக்கு இடமேயில்லை.

ஆறு அடையாளங்களுள் அர்த்தவாதம் என்பது நம் போன்ற யாத்திரிகர்களுக்கு மிகவும் வேண்டியது. தலபுராணங்களைக் கேட்கிறோம். ஒரு தலத்தின் புராணம், இத்தலத்துக்கு ஒப்பாக வேறு தலமில்லை என்கும். அடுத்த தலத்தின் புராணமும் அதையே சொல்லும். எது மெய் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒன்றைப் புகழ்வதற்காக மற்றொன்றைத் தாழ்த்துவதுபோலப் பேசுதல், அம்மற்றொன்றை இகழ்வதற்கன்று. எடுத்துக்கொண்டதில் ஈடுபாட்டை வளர்ப்பதற்கே என்பது சாத்திர மரபு. ஒவ்வொரு தாயும் தன் குழந்தையே அழகு என்கிறாள். அதனைக் கேட்டு மற்றக் குழந்தைகளை அவள் பழித்தாள் என்று யாரும் வழக்கிடுவதில்லை.

சார்புக்கும் எல்லை உண்டு

இவ்வளவும் கேட்டபின், சார்பைக் காட்டி எச்சொல்லுக்கும் எப்பொருளையும் ஏற்றலாம் போலும் என்று சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறன்று. எது எதன்பாற்பட்டது என்று முடிவு செய்ய ஜைமினி மகரிஷி ஆறு பிரமாணங்களை வரிசைப்படுத்துகிறார். சுருதி, லிங்கம், வாக்கியம், பிரகரணம், ஸ்தானம், ஸமாக்யை என்பன அவை. இவை தம்முள் முரணினால் முன்னது வலியது, பின்னது மெலியது. நேரான வார்த்தையாகிய சுருதி முதலில் நிற்கிறது. சந்தர்ப்பமாகிய பிரகரணம் நான்காவதுதான்.

முன் கூறிய உதாரணத்தாலேயே இதனை விளக்கலாம். உணவருந்தும் தலைவன் 'ஸைந்தவம்' என்றால் உப்பு என்றோம். அவனே உண்டுகொண்டிருக்கும்போது, 'ஸைந்தவத்துக்குச் சேணம் பூட்டி வை' என்று சொன்னால்? வேளை உணவு வேளைதான். ஆயினும் சேணம் என்னும் நேரான சொல் வந்துவிட்டது. இனி அது குதிரையே. உணவு வேளை என்று சாதித்து உப்புக்குச் சேணம் தேடுவது அறிவுடைமையாகாது. சொல் தெளிவாக இருக்கும் இடத்தில் சொல்லுக்கு அடங்குவதும், சொல் இரண்டுபட்டு நிற்கும் இடத்தில் சார்பை நாடுவதும் நம் முன்னோர் கைக்கொண்ட நெறி. எம்பெருமானார் ஆண்டானிடம் செய்த விண்ணப்பமும் சொல் இரண்டுபட்ட இடத்தில்தான் என்பதை மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கது

இக்காலத்தில் ஓரடியைத் தனியே எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் பெருகிவிட்டது. நாட்காட்டித் தாளில் கீதை வாக்கியம் ஒன்று. மண்டபச் சுவரில் பாசுரத்தில் பாதி. கைபேசியில் காலைதோறும் வந்து விழும் பொன்மொழி ஒன்று. இவையெல்லாம் தீயவை அல்ல. ஒரு சொல் ஒருவரை முழுநூலுக்கு அழைத்துச் செல்லுமானால் அது பெரும்பேறு. ஆனால் பாதி வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆழ்வாரின் கருத்து இதுதான் என்று வாதுக்குப் புறப்படுவதும், அதைக் காட்டி இன்னொருவரைப் புண்படுத்துவதும் நாள்தோறும் நடக்கின்றன. குடும்பங்களிலும் இதே கதைதான். யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல்லை, சொன்ன வேளையை விட்டுவிட்டு மூன்றாமவரிடம் எடுத்துச் சொல்ல, உடன்பிறந்தோர் பல ஆண்டுகள் முகம் பாராமல் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். சொன்னது பொய்யன்று, சார்பைச் சொல்லாமல் விட்டதே பொய்யாய் முடிந்தது.

ஆதலால் ஒரு பாசுரத்தையோ சாத்திர வாக்கியத்தையோ கேட்கும்போது, பொருள் இதுவென்று துணியுமுன் சில வினாக்களை நமக்குள் எழுப்பிக்கொள்வது நலம்.

1. பேசுபவர் யார்? ஆழ்வார் தாமான தன்மையில் பேசுகிறாரா, தாயாகவா, தோழியாகவா, மகளாகவா?

2. கேட்பவர் யார்? எம்பெருமானா, தம் நெஞ்சமா, உலகத்தாரா, தூது செல்லும் பறவையா?

3. எந்நிலையில் பேசப்பட்டது? கூடிக் களித்த நிலையிலா, பிரிந்து தவித்த நிலையிலா?

4. முன் பாசுரமும் பின் பாசுரமும் என்ன சொல்கின்றன?

5. நூலின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இப்பொருள் ஒத்து வருகிறதா?

6. நமக்கு முன் இதனைக் கேட்டவர்கள் எவ்வாறு பொருள் கொண்டார்கள்?

இவ்வினாக்களுக்கு விடை காண எல்லாரும் பெரும்புலவராக வேண்டுவதில்லை. பதிகத்தின் ஒரு பாசுரத்தை விரும்பினால், பதிகம் முழுவதையும் ஒருமுறை சேவித்துவிடலாம். அதற்குக் கால் நாழிகைகூட ஆகாது. அவதாரிகையோடு கூடிய ஒரு பதிப்பை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். காலக்ஷேபம் சொல்லும் பெரியோர் அருகில் இருந்தால், ஐயத்தை மனத்திலேயே புழுங்கவிடாமல் எம்பெருமானார் போலப் பணிவோடு விண்ணப்பிக்கலாம்.

இத்திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம். கோஷ்டியின் பின்னே நின்று பாசுரத்தைச் செவியுறும்போது அங்கும் சார்பு நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. முன்னே திவ்வியப்பிரபந்த கோஷ்டி, நடுவே எழுந்தருளும் பெருமாள், பின்னே வேத பாராயணம். புத்தகத்தில் தனியே படித்தபோது விளங்காத ஒரு சொல், திருவீதியில் பெருமாளோடு நடக்கையில் தானே விளங்குவதைப் பலர் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். பாசுரத்துக்கு அதுவும் ஓர் இடம்.

முதலில் கண்ட அடைத்த கதவுக்கு மீண்டும் வருவோம். அதன்முன் நிற்பவர் அங்கிருந்து உடனே திரும்பிவிட்டால் அபசாரத்தைக் கண்டவராகவே ஊர் திரும்புவார். சற்றே பொறுத்து நின்றால் கதவு திறக்கும். தாயாரும் பெருமாளும் ஒரே ஆசனத்தில் எழுந்தருளியிருக்கும் சேர்த்தி சேவை கிடைக்கும். அந்தச் சேர்த்தியின் முன்னிலையில்தான் எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தார் என்பது வரலாறு. விளங்காத பாசுரத்தின் முன்னும் நாம் அவ்வாறே பொறுத்து நிற்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.